சர்க்கரை நோயாளிகளின் மின்பதிவேடு: டர்பன் க்ளினிக்கில் அதைக் கேள்வி கேட்கும் முறை

"கடந்த 12 மாதத்தில் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் பார்க்கப்படாத சர்க்கரை நோயாளிகள் யார் யார்?" இந்தக் கேள்விக்கு உங்கள் கணினி ஐந்து நிமிடத்தில் பெயர்ப்பட்டியல் தர வேண்டும். தந்தால் அது மருத்துவப் பதிவேடு. தராவிட்டால் பழைய காகிதக் கோப்பு திரைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டொங்காட் பக்கங்களில் இரண்டு மருத்துவர், ஒரு நர்ஸ், ஒரு வரவேற்பாளர் என்று நடக்கும் தனியார் க்ளினிக்கை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். எடுத்துக்கொண்ட நோய்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும். எந்த மென்பொருள் என்பது பெரிய விஷயமில்லை. எந்த விவரம் எந்தப் பெட்டியில் போகிறது, அதை யார் எப்போது திரும்பப் பார்க்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில், ஆள் சரியான ஆளா?

1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் தொடங்கி, சென்னையிலிருந்து இங்கே ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பெயரை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். முதலி மூட்லி ஆனது. பிள்ளை பில்லே ஆனது. நாயுடுவும் கவுண்டரும் பல எழுத்துக்கூட்டலில் நின்றுவிட்டன. இன்று அவை குடும்பப் பெயர்கள். ஒரே முதலெழுத்தும் ஒரே குடும்பப் பெயரும் உள்ளவர்கள் ஒரு க்ளினிக்கில் திரை நிறைய வருவார்கள். பெயரைத் தட்டி, பட்டியலில் முதலில் வந்தவரை அழுத்தினால், அக்காவின் ரத்தப் பரிசோதனை தங்கையின் பக்கத்தில் போய் உட்காரும். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல வழிகாட்டியைப் பின்பற்றினாலும் அது வேறொருவருக்கான சிகிச்சை.

எனவே தேடும் வரிசை இது: முதலில் 13 இலக்க அடையாள எண், பிறகு பிறந்த தேதி, கடைசியாகப் பெயரின் முதல் மூன்று எழுத்து. அடையாள எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த நான்கு இலக்கம் 5000-க்குக் கீழே என்றால் பெண், 5000 முதல் ஆண். கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது. ஓர் இலக்கம் தவறினாலும் காட்டிக்கொடுக்கும். இந்தச் சரிபார்ப்பு உங்கள் மென்பொருளில் இயங்குகிறதா என்று, ஓர் இலக்கத்தை வேண்டுமென்றே மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஏற்றுக்கொண்டால், விற்றவரை அழைத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். அடையாள எண் இல்லாதவருக்குப் பாஸ்போர்ட் எண். பிறந்த குழந்தைக்குத் தனிப் பதிவு. தாயின் எண்ணிலேயே குழந்தையை ஏற்றக் கூடாது.

வரவேற்பில் கேட்கும் முறையும் முக்கியம். "நீங்க மார்ச் 12-ல பிறந்தவங்கதானே?" என்று கேட்டால், காது சரியாகக் கேட்காத பெரியவர் "ஆமாம்மா" என்றுதான் சொல்வார். "உங்க பிறந்த தேதி சொல்லுங்கம்மா" என்று கேளுங்கள். விடை அவர் வாயிலிருந்து வர வேண்டும்.

இந்த ஊருக்கே உரிய இன்னொரு பிழை மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீட்டு) எண்ணில் வருகிறது. ஒரு குடும்பத்துக்கு ஒரே உறுப்பினர் எண். கணவர், மனைவி, பிள்ளைகளைப் பிரிப்பது கடைசியில் வரும் சார்ந்தோர் குறியீடு மட்டுமே. மனைவி வந்த நாளில் உறுப்பினர் எண்ணை அடித்து, முதலில் வந்த கணவர் பெயரைத் திறந்துவிட்டால், மனைவியின் அழுத்தமும் எடையும் கணவருடையதாகிவிடும். 82 கிலோ இருந்தவர் ஒரு மாதத்தில் 57 கிலோ ஆனால் அது மெலிவு இல்லை, ஆள் மாற்றமாக இருக்கலாம். எடை திடீரென்று குதித்த பதிவுகளைத் தேடினால் இந்தப் பிழைகளில் பாதி அகப்பட்டுவிடும்.

மாதம் ஒரு முறை, ஒரே பிறந்த தேதியும் ஒரே தொலைபேசி எண்ணும் உள்ள இரட்டைப் பதிவுகளைத் தேடுங்கள். இணைக்கும் பொறுப்பு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். இணைக்குமுன் ஒவ்வாமைகளையும் மருந்துகளையும் மருத்துவர் பார்க்க வேண்டும். இரட்டைப் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர், பிறந்த தேதி, தொலைபேசி எல்லாம் ஒன்றாகவே இருக்கும், அவர்களை இணைத்துவிடாதீர்கள்.

எதை எந்தப் பெட்டியில் போடுவது

"அழுத்தம் கொஞ்சம் அதிகம், கால் பரவாயில்லை, சர்க்கரை 9" என்று குறிப்பில் எழுதினால் மனிதர் படிக்கலாம். கணினி எண்ண முடியாது. பின்வருபவை தனித்தனிப் பெட்டியில், எண்ணாகவோ தேர்வாகவோ போக வேண்டும்: மேல் அழுத்தம், கீழ் அழுத்தம், எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு, புகைப்பழக்கம், எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), கிரியாட்டினினும் ஈஜிஎஃப்ஆரும் (சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்பதைக் காட்டுபவை), சிறுநீர் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம், கண் பரிசோதித்த தேதி, கால் பரிசோதனை முடிவு. இவ்வளவு போதும். முப்பது பெட்டி வைத்தால் பத்து நிரம்பாது. எந்தப் பத்து நிரம்பாது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும்.

இடுப்புச் சுற்றளவைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தெற்காசிய வழியினருக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. என்பதே எல்லை. உடல் நிறை எண்ணிலும் 25 வரை காத்திருக்காமல் 23-லேயே கவனம் தேவை என்பது உலக சுகாதார அமைப்பின் ஆசிய மக்களுக்கான பரிந்துரை. மென்பொருளில் பொதுவாக 25-தான் பதிந்திருக்கும். மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது நோய்ப்பட்டியலுக்கும் பில் குறியீட்டுக்கும் உள்ள வித்தியாசம். பெரும்பாலான க்ளினிக்குகள் சறுக்குவது இங்கேதான். மெடிக்கல் எய்டுக்கு அனுப்பும் ஐசிடி-10 என்ற சர்வதேச நோய்க் குறியீடு அன்று அவர் எதற்காக வந்தார் என்பதைச் சொல்கிறது. பத்து வருடச் சர்க்கரை நோயாளி சளிக்கு வந்தால் பில்லில் சளி மட்டுமே இருக்கும். அதேபோல, சர்க்கரை இருக்குமோ என்று சோதித்தவருக்கு அவசரத்தில் ஈ11 (இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்) போட்டு அனுப்பியிருந்தால், நோயே இல்லாதவர் நோயாளியாகிவிடுவார். பில்லை வைத்து நோயாளிப் பட்டியல் எடுத்தால் இரண்டு பக்கமும் தவறும். நோய்ப்பட்டியல் என்று தனி இடம் உண்டு. நோய் உறுதியான நாளில் மருத்துவரே அதில் சேர்க்க வேண்டும், உறுதியான தேதியோடு. தேடும்போது ஈ11 மட்டும் தேடாதீர்கள். வகை குறிப்பிடாத ஈ14-இல் நிறையப் பேர் ஒளிந்திருப்பார்கள். ஈ10 முதல் ஈ14 வரை முழுவதும் தேடுங்கள். ரத்த அழுத்தத்திலும் ஐ10 மட்டும் போதாது. இதயம், சிறுநீரகம் பாதித்தவர்கள் ஐ11, ஐ12, ஐ13-க்குப் போயிருப்பார்கள், கவனம் அதிகம் தேவைப்படுபவர்களும் அவர்களே.

அழுத்த அளவீட்டின் தரத்தை அறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. கடைசி 200 அளவீடுகளை எடுத்து, மேல் அழுத்தத்தின் கடைசி இலக்கத்தை மட்டும் எண்ணுங்கள். தானியங்கிக் கருவியில் ஒவ்வொரு இலக்கமும் பத்தில் ஒரு பங்கை ஒட்டி வர வேண்டும். கையால் அளக்கும் கருவியில் இரட்டை எண்கள் மட்டும் வரும். அப்போது ஐந்தில் ஒரு பங்கு. பாதிக்கு மேல் பூஜ்யத்தில் முடிந்தால், யாரோ 140/90 என்று தோராயமாகப் போடுகிறார்கள். 140 என்ற எல்லையில் முடிவெடுக்கும் சிகிச்சையில் இந்தத் தோராயம், மருந்து வேண்டியவரை விட்டுவிடும், வேண்டாதவருக்குக் கொடுத்துவிடும். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டையும் அப்படியே பதியுங்கள். கை பருத்தவர்களுக்குக் கையில் சுற்றும் பட்டை பெரியதாக இருக்க வேண்டும். சின்னப் பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். எந்தப் பட்டை என்பதையும் குறித்தால் அடுத்த முறை ஒப்பிடலாம்.

இந்தியாவிலிருந்து வரும் ரிப்போர்ட்

கோயில் யாத்திரைக்கோ கல்யாணத்துக்கோ தமிழ்நாடு போனவர்கள் அங்கே முழு உடல் பரிசோதனை செய்துகொண்டு கட்டாக ரிப்போர்ட் கொண்டு வருவார்கள். அங்கே அளவு டெசிலிட்டருக்கு மில்லிகிராம். இங்கே லிட்டருக்கு மில்லிமோல். மாற்றுவது இப்படி:

சர்க்கரையை 18-ஆல் வகுக்கவும். 126 என்பது 7.0, 180 என்பது 10.
கொலஸ்ட்ராலை 38.7-ஆல் வகுக்கவும், 200 என்பது 5.2.
டிரைகிளிசரைடை 88.5-ஆல் வகுக்கவும்.
கிரியாட்டினினை 88.4-ஆல் பெருக்கவும், 1.2 என்பது 106 மைக்ரோமோல்.

சர்க்கரையில் பிழை நடந்தால் உடனே தெரிந்துவிடும். 126 மில்லிமோல் என்று யாரும் நம்பமாட்டார்கள். கிரியாட்டினினில் நடக்கும் பிழைதான் ஆபத்தானது. ஒருவருக்கு 2.4 மில்லிகிராம் என்றால் 212 மைக்ரோமோல். சிறுநீரகம் நன்றாகவே பாதிக்கப்பட்டிருக்கிறது. மாற்றாமல் 2.4 என்று மைக்ரோமோல் பெட்டியில் போட்டால், கணினி ஈஜிஎஃப்ஆரைக் கணக்கிட்டு "90-க்கு மேல்" என்று காட்டும். பச்சை நிறத்தில், நல்ல செய்தியாக. நிறுத்தியோ குறைத்தோ இருக்க வேண்டிய மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை முழு அளவில் தொடரும். ஒவ்வொரு எண் பெட்டிக்கும் மேல் எல்லையும் கீழ் எல்லையும் வையுங்கள். 20 மைக்ரோமோலுக்குக் கீழே கிரியாட்டினின் வந்தால் கணினி நிறுத்திக் கேட்கட்டும்.

ஸ்கேன் செய்து ஏற்றிய ரிப்போர்ட் வெறும் படம். அதிலுள்ள எண்ணைக் கையால் பெட்டியில் போட்டால்தான் தேடலில் வரும். வெளியிலிருந்து வந்தது என்றும், பரிசோதித்த தேதியையும் குறியுங்கள்; ஏற்றிய தேதியைப் போட்டுவிட்டால் ஆறு மாதப் பழைய முடிவு நேற்றையது போலத் தெரியும்.

எச்பிஏ1சி பக்கத்திலேயே ஹீமோகுளோபின் தெரியும்படி திரையை அமையுங்கள். இரும்புச்சத்துக் குறைவில் எச்பிஏ1சி கூடிக் காட்டலாம். ரத்தம் ஏற்றிய பிறகும், சிவப்பணு சிதையும் நோய்களிலும் குறைத்துக் காட்டலாம். விரல் நுனிச் சர்க்கரையும் எச்பிஏ1சியும் ஒத்துப்போகாதபோது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மருந்துப் பட்டியல்

நீங்கள் எழுதிய மருந்துகளின் பட்டியலும் நோயாளி விழுங்கும் மருந்துகளின் பட்டியலும் ஒன்றல்ல. எச்சரிக்கைகள் எல்லாம் முதல் பட்டியலை வைத்தே ஒலிக்கும். தென்னாப்பிரிக்காவில் இந்த இடைவெளி பெரியது, ஏனென்றால் ஒரே ஆள் சர்க்கரைக்குத் தனியார் மருத்துவரிடமும் எச்ஐவிக்கோ காசநோய்க்கோ அரசு க்ளினிக்கிலும் மருந்து வாங்குவது சாதாரணம். அரசுப் பக்கத்துப் பதிவு உங்கள் திரையில் வராது.

ஒரே ஓர் உதாரணத்தை நெருங்கிப் பார்ப்போம். 2019 முதல் எச்ஐவிக்கு முதல் வரிசைச் சிகிச்சையாக டொலுடெக்ராவிர் சேர்ந்த ஒற்றை மாத்திரை கொடுக்கப்படுகிறது. டொலுடெக்ராவிர், உடல் மெட்ஃபார்மினை வெளியேற்றும் வழியைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவைக் கூட்டும். இரண்டும் சேர்ந்தால் மெட்ஃபார்மின் நாளுக்கு 1000 மி.கி.-ஐத் தாண்டக் கூடாது. உங்கள் பட்டியலில் மெட்ஃபார்மின் 850 மி.கி. மூன்று வேளை மட்டுமே இருக்கிறது. கணினிக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நோயாளிக்கு வயிற்றுப்போக்கும் குமட்டலும். அடுத்து காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சேர்ந்தால் டொலுடெக்ராவிர் 50 மி.கி. இரு வேளையாகும், கிளிமெபிரைடு, கிளிக்லசைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளின் வேலை குறைந்து சர்க்கரை ஏறும். "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடவில்லை" என்று பதிந்துவிட்டு அளவைக் கூட்டினால், ரிஃபாம்பிசின் நிற்கும் மாதத்தில் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார்.

எனவே ஒவ்வொரு வருகையிலும் நர்ஸ் ஒரு கேள்வி கேட்டு, விடையை மருந்துப் பட்டியலிலேயே "வெளியிலிருந்து" என்ற குறியோடு ஏற்ற வேண்டும்: "வேற எந்த க்ளினிக்ல, கடையில, கோயில்ல, சொந்தக்காரங்ககிட்ட வாங்கி ஏதாவது சாப்பிடுறீங்களா? பையை எடுத்துட்டு வந்திருக்கீங்களா?" தனியாக, கதவை மூடிக்கொண்டு கேளுங்கள். கூட வந்த மருமகள் எதிரில் எச்ஐவி மாத்திரையைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள். பாகற்காய்ச் சாறு, வெந்தயப் பொடி, ஊரிலிருந்து வந்த சூரணம், இரும்பு மாத்திரை, கால்சியம் எல்லாம் பதிவாகட்டும். இரும்பும் கால்சியமும் வெறும் வயிற்றில் டொலுடெக்ராவிருடன் சேர்ந்தால் அதை உடல் சரியாக உறிஞ்சாது.

நிறுத்திய மருந்தை அழிக்காதீர்கள். நிறுத்திய தேதியும் காரணமும் போட்டு மூடுங்கள். எனலாபிரில் என்ற அழுத்த மருந்தால் வறட்டு இருமல் வந்தது என்பதும் முகம் வீங்கியது என்பதும் ஒன்றல்ல. முதலாவது பக்கவிளைவு, அந்த வகை மருந்தை மாற்றிவிடலாம். இரண்டாவது உயிருக்கு ஆபத்து. வாழ்நாள் முழுக்க அந்த வகை மருந்தே கூடாது. இரண்டையும் "அலர்ஜி" என்ற ஒரே பெட்டியில் தள்ளினால், கொஞ்ச நாளில் அந்தப் பெட்டியை யாரும் மதிக்கமாட்டார்கள்.

வழிகாட்டியைத் திரைக்குள் கொண்டுவருவது

தென்னாப்பிரிக்காவில் அடிப்படையாகக் கொள்ள வேண்டியவை தேசிய சுகாதாரத் துறையின் நிலையான சிகிச்சை வழிகாட்டிகளும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலும். சர்க்கரைக்கு செம்ட்சா என்ற நிபுணர் அமைப்பின் 2017 வழிகாட்டி விரிவானது. இவற்றை முழுதாகத் திரையில் ஏற்ற வேண்டாம். உங்கள் நோயாளிகளுக்கு அடிக்கடி தேவைப்படும் ஏழெட்டு முடிவுகளை மட்டும் வருகைப் படிவத்தில் வையுங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் எந்த வழிகாட்டி, எந்த ஆண்டுப் பதிப்பு என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து வருடம் கழித்தும் பழைய விதியே பேசிக்கொண்டிருக்கும், யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது.

எச்பிஏ1சி இலக்கில் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, இலக்கில் இல்லாவிட்டாலோ மருந்து மாற்றினாலோ மூன்று மாதத்தில். இலக்கு பெரும்பாலோருக்கு 7 சதவீதத்துக்குக் கீழே. ஆனால் தனியாக இருக்கும் 80 வயதுப் பாட்டிக்கு அதுவே ஆபத்து. ஆகவே இலக்கு என்பது ஒவ்வொரு நோயாளிக்கும் தனிப் பெட்டியாக இருக்கட்டும். மருத்துவர் பேசி முடிவு செய்து நிரப்பட்டும். கண், கால், சிறுநீர் ஆல்புமின், ஈஜிஎஃப்ஆர் ஆகியவை ஆண்டுக்கு ஒரு முறையாவது; இரண்டாம் வகை நோயில் கண்டுபிடித்த அன்றிலிருந்தே. ஈஜிஎஃப்ஆர் 45-க்குக் கீழே இறங்கினால் மெட்ஃபார்மினைப் பாதியாக்க வேண்டும், 30-க்குக் கீழே நிறுத்த வேண்டும்.

துள்ளி வந்து வழிமறிக்கும் எச்சரிக்கைகளை மிகக் குறைவாக வையுங்கள். அந்த நொடியில் மருந்துச்சீட்டை மாற்ற வேண்டியவை மட்டும்: ஈஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே மெட்ஃபார்மின், கருவுற்றவருக்கு எனலாபிரில், அம்லோடிபின் என்ற அழுத்த மருந்து சாப்பிடுபவருக்கு 20 மி.கி.-க்கு மேல் சிம்வாஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மருந்து, ஒவ்வாமை, டொலுடெக்ராவிருடன் 1000 மி.கி.-க்கு மேல் மெட்ஃபார்மின். "கண் பரிசோதனை பாக்கி" போன்றவை பக்கவாட்டில் அமைதியாக நிற்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, எந்த எச்சரிக்கையை எத்தனை முறை தள்ளிவிட்டார்கள் என்று எண்ணுங்கள். பத்தில் ஒன்பது முறை தள்ளப்படும் எச்சரிக்கையை அணைத்துவிடுங்கள் அல்லது விதியைத் திருத்துங்கள். அதைத் தள்ளிப் பழகிய விரல் உண்மையான எச்சரிக்கையையும் தள்ளிவிடும்.

போன முறை குறிப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டும் வசதி இருந்தால் பரிசோதனைப் பகுதிக்கு மட்டுமாவது அணைத்து வையுங்கள். கால் விரல் எடுக்கப்பட்டவருக்கு "இரு கால்களும் இயல்பு" என்று மூன்று வருகைக்குத் தொடர்வது இதனால்தான்.

பட்டியல் எடுத்து வேலை செய்வது

ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. சிறுநீர் ஆல்புமினையே எடுத்துக்கொள்வோம்; நோயாளிக்கு எதுவும் தெரியாத காலத்திலேயே சிறுநீரகப் பாதிப்பைக் காட்டுவது, செய்வதற்கு எளிது, விட்டுப்போவது அதிகம்.

1. யார் நோயாளி என்று மூன்று வழியில் பட்டியல் எடுங்கள்: நோய்ப்பட்டியலில் ஈ10–ஈ14 உள்ளவர்கள், எப்போதாவது எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் வந்தவர்கள், சர்க்கரை மருந்து எழுதப்பட்டவர்கள். மூன்றும் ஒத்துப்போகாது. 6.5 வந்தும் நோய்ப்பட்டியலில் இல்லாதவரை அழைத்து மறுபடி சோதியுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர் சினைப்பை நீர்க்கட்டிக்காகச் சாப்பிடலாம்.

2. இறந்தவர்களையும் ஊர் மாறியவர்களையும் நீக்குங்கள். ஒன்றரை வருடமாக வராதவரை நீக்காதீர்கள். தனிப் பட்டியலில் வையுங்கள். கணக்கு அழகாகத் தெரிவதற்காக அவர்களை ஒதுக்கினால், நம் கவனம் மிகவும் தேவைப்படுபவர்களையே ஒதுக்கியதாகும்.

3. கடைசி 12 மாதத்தில் முடிவு பதிவானவர்களை எண்ணுங்கள்.

4. பதிவாகாதவர்களில் கண்ணை மூடிக்கொண்டு 20 பேரை எடுத்து, ஒவ்வொருவர் பதிவையும் திறந்து காரணம் எழுதுங்கள்.

நான்காவது படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கணக்கு விளங்க ஓர் உதாரணம்: பட்டியலில் 240 பேர், முடிவு உள்ளவர்கள் 96 பேர், அதாவது 40 சதவீதம். இல்லாதவர்களில் 20 பேரைத் திறந்தால், எட்டுப் பேருக்கு முடிவு ஸ்கேன் படமாக இருக்கிறது. ஐந்து பேருக்குச் சீட்டு கொடுத்தும் பரிசோதனைக்குப் போகவில்லை. நான்கு பேருக்கு யாரும் எழுதவே இல்லை. மூன்று பேருக்குச் சர்க்கரை நோயே இல்லை. நான்கும் நான்கு வேலை. முதலாவதுக்கு ஆய்வகத்திலிருந்து முடிவு நேராகப் பெட்டியில் வர ஏற்பாடு செய்ய வேண்டும். இரண்டாவதுக்கு, சீட்டுக்குப் பதிலாக அன்றே க்ளினிக்கில் சிறுநீர் வாங்கிவிடுவது போதும். மூன்றாவதுக்கு நினைவூட்டல். நான்காவதுக்குப் பட்டியல் திருத்தம். "மருத்துவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்" என்று நோட்டீஸ் ஒட்டினால் நான்கில் ஒன்றும் சரியாகாது.

ஒரு மாற்றம் செய்து, மூன்று மாதம் கழித்து அதே கேள்வியை அதே விதியில் கேளுங்கள். நடுவில் விதியை மாற்றினால் முந்தைய எண்ணோடு ஒப்பிட முடியாது.

முடிவு லிட்டருக்கு அல்ல, மில்லிமோல் கிரியாட்டினினுக்கு மில்லிகிராமில் வரும். 3-க்கு மேல் என்றால் கவனம். ஆனால் ஒரே முடிவில் முத்திரை குத்தாதீர்கள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உழைப்பு, மாதவிலக்கு ஆகியவற்றிலும் கூடும். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்றில் இரண்டு முறை கூடியிருந்தால்தான் உறுதி. பிறகு எனலாபிரில் போன்ற மருந்து தொடங்கினால், ஒன்றிரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க நினைவூட்டலை அன்றே போட்டுவிடுங்கள். கிரியாட்டினின் 30 சதவீதம் வரை ஏறுவது எதிர்பார்க்கக்கூடியதே. அதற்குப் பயந்து மருந்தை நிறுத்த வேண்டாம்.

ஒவ்வொரு பரிசோதனைக்கும் நான்கு தேதி இருக்கட்டும்: அனுப்பியது, வந்தது, மருத்துவர் பார்த்தது, நோயாளிக்குச் சொன்னது. கடைசித் தேதி காலியாக உள்ளவற்றை வெள்ளிக்கிழமை மதியம் நர்ஸ் பார்த்து அழைக்கட்டும்.

உங்கள் சொந்தப் பதிவேட்டை வைத்து எந்த மருந்து நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். இன்சுலின் போடுபவர்களின் எச்பிஏ1சி மற்றவர்களைவிட அதிகமாகத்தான் தெரியும். நோய் முற்றியவர்களுக்கே இன்சுலின் கொடுக்கிறோம் என்பதுதான் காரணம். எது வேலை செய்யும் என்பதை ஆய்வுகள் சொல்லட்டும். அது நம்மவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதைப் பதிவேடு சொல்லட்டும்.

விரதமும் தீமிதியும்

சான்றின் வழிச் சிகிச்சை என்பதில் நோயாளி எதை முக்கியமாக நினைக்கிறார் என்பதும் ஒரு பங்கு. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் புரட்டாசி விரதம் வலுவாக நிற்கிறது. தைப்பூசக் காவடிக்கும் விரதம் உண்டு. இதற்கு ஒரு பெட்டி வையுங்கள்: எந்த விரதம், முழு நாளா ஒரு வேளையா, தண்ணீர் உண்டா. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு தேடல்: இன்சுலின், கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு, கிளிக்லசைடு எடுப்பவர்களில் விரதம் குறித்தவர்கள். செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறக்குமுன் அவர்களை அழைத்து, மருந்தின் அளவையும் நேரத்தையும் பேசி, எந்த எண்ணில் விரதத்தை முறிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடலாம். சர்க்கரை 4-க்குக் கீழே போனால் அப்போதே. ரமலான் நோன்புக்கு விரிவான சர்வதேச வழிகாட்டி இருக்கிறது. புரட்டாசிக்கு அதை அப்படியே வைக்க முடியாது, ஆனால் எந்த மருந்தில் ஆபத்து அதிகம் என்ற பாகுபாடு இங்கும் செல்லும். "விரதம் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் பலர் சொல்லாமல் இருந்துவிடுவார்கள். மருந்து மட்டும் பழைய அளவில் போகும்.

தீமிதிக்கும் வெறுங்கால் ஊர்வலத்துக்கும் கால் பரிசோதனைப் பெட்டி உதவும். 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற மெல்லிய நைலான் இழையை ஒவ்வொரு பாதத்திலும் பெருவிரல் அடியிலும், முதல், மூன்றாம், ஐந்தாம் விரல்களின் அடி மேட்டிலும், வளையும் வரை அழுத்துங்கள். காய்ப்பு உள்ள இடத்தைத் தவிருங்கள். வலது, இடது, எத்தனை இடத்தில் உணர்வு இல்லை என்று எண்ணாகப் பதியுங்கள். உணர்வு இல்லாதவர்களின் பட்டியலைத் திருவிழாவுக்கு ஆறு வாரம் முன்பே எடுத்துவிடுங்கள். அவர்கள் தீயில் இறங்கினால் கொப்புளம் வந்ததே தெரியாது.

மின்சாரம், நகல், சட்டம்

லோட்ஷெடிங் (சுழற்சி மின்வெட்டு) காலங்களில் ஒரு தடவைக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம் போனதை யாரும் மறக்கவில்லை. கணினிக்கு மட்டும் யூபிஎஸ் போட்டு ரவுட்டரை விட்டுவிட்டால் பயனில்லை. தினமும் மாலையில் மறுநாள் வருபவர்களின் ஒரு பக்கச் சுருக்கத்தை அச்சிடுங்கள்: மருந்துகள், ஒவ்வாமை, கடைசி அழுத்தம், எச்பிஏ1சி, ஈஜிஎஃப்ஆர். மறுநாள் முடிந்ததும் கிழிப்பானில் போடுங்கள். மின்சாரம் இல்லாதபோது எழுதும் தாளில் திரையில் உள்ள அதே பெட்டிகள் அதே வரிசையில் இருக்கட்டும். 24 மணி நேரத்துக்குள், பார்த்த நேரத்தையே போட்டு, "பின்னர் ஏற்றியது" என்று குறித்து ஏற்றுங்கள்.

2021 ஜூலைக் கலவரத்திலும் 2022 ஏப்ரல் வெள்ளத்திலும் குவாசூலு-நட்டாலில் கட்டடங்களோடு கணினிகளும் போயின. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நகலிலிருந்து பத்துப் பேர் பதிவை உண்மையில் மீட்டுப் பாருங்கள். 2024 ஜூனில் தேசிய சுகாதார ஆய்வகச் சேவையின் கணினிகள் தாக்கப்பட்டபோது முடிவுகள் இணையத்தில் வராமல் நின்றன; அவசரமானவை தொலைபேசியில் சொல்லப்பட்டன. தொலைபேசியில் கேட்டதைப் பதியும்போது யார் சொன்னார், எத்தனை மணிக்கு, திரும்பச் சொல்லிச் சரிபார்த்தீர்களா என்று மூன்றும் வேண்டும்.

போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. அதன்படி உடல்நல விவரம் சிறப்புப் பாதுகாப்புக்கு உரியது. ஆளுக்கு ஒரு கடவுச்சொல். வரவேற்பாளருக்கு எச்ஐவி விவரம் தெரிய வேண்டிய அவசியமில்லை. விவரம் வெளியே கசிந்தால் தகவல் ஒழுங்குமுறை அதிகாரிக்கும் நோயாளிக்கும் தெரிவிக்க வேண்டும். பதிவை, நோயாளி கடைசியாக வந்து ஓய்ந்த நாளிலிருந்து குறைந்தது ஆறு ஆண்டு காக்க வேண்டும். சிறுவர்களுக்கு 21 வயது வரை. பிழையைத் திருத்தும்போது பழைய பதிவு மறையக் கூடாது. திருத்தியவர் பெயரும் தேதியும் பக்கத்தில் நிற்க வேண்டும்.

மேலே சொன்ன நோயாளிப் பட்டியல்களை எக்செல் கோப்பாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அழைக்க வேண்டிய நர்ஸுக்குப் பெயரும் தொலைபேசியும் "சிறுநீர் கொண்டு வரவும்" என்ற வரியும் போதும். நோயும் மருந்தும் அந்தத் தாளில் வேண்டாம். வேலை முடிந்த அன்றே கோப்பை அழித்து, குப்பைத் தொட்டிக் கோப்புறையையும் காலி செய்யுங்கள்.